அன்பும் தன்னிழப்பும்

அன்பு செய்தல் வேறு, அன்பினால் தன்னை இழத்தல் வேறு. திருவொற்றியூரில் நிகழ்ந்த சங்கிலியார் திருமணம் இதனை நன்கு விளக்கும். அம்மையார் திருமாலைத் தொண்டே வாழ்வெனக் கொண்டவர். நம்பியாரூரரை மணக்குமாறு இறைவன் கனவிற் பணித்தபோதும், அவர் ஆரூரில் மகிழ்ந்துறைபவராயிற்றே என விண்ணப்பித்தார்; பிரியாமைக்குச் சூளுறவும் பெற்றார்.

நம்பிகளோ, காதல் மிகுதியால், சந்நிதியிற் சூளுரைக்குங்கால் மகிழடியில் எழுந்தருளியிருக்குமாறு பெருமானையே வேண்டினார். அவன் குறிப்பினால் மகிழடியிலேயே சூளுரைக்க நேர்ந்தது. பின்னர் ஆரூர் வசந்தவிழாவை நினைந்து ஒற்றியூரெல்லை கடந்தார், கண்ணொளி மறைந்தது. இஃது உலகினர் உணர்தற்பொருட்டு நிகழ்ந்ததென்க.

தாளும் தலையும் தாடலை என ஒருசொல்லாய்ப் புணரினும் இரண்டும் கெடுவதில்லை. அங்ஙனமே முத்தியிற் சிவத்தோடு கூடும் உயிரும் கெடுவதன்று. இறைவனே அழியாத உயிரியல்பை மானிடக் காதல் அழித்தல் தகுமோ? தொண்டும் வாய்மையும் நிலைபெற நிற்பது அன்பு; அவற்றை விலையாகக் கொள்வது பாசமேயாம்.