தெரிந்தவனின் சூது

சூதைப் பற்றிய நம் ஒழுக்க விசாரம் பெரும்பாலும் அதிர்ஷ்டத்தைப் பற்றியதாகவே இருந்து வந்திருக்கிறது. உழைக்காமல் வருவது தகுதியில்லாமல் வருவது, ஆகவே தப்பு. இந்தத் தர்க்கத்தின் மறுபக்கமும் உடனே வந்துவிடுகிறது: யோசித்து, கணக்குப் போட்டு, ஆட்டத்தை அறிந்து பணம் வைப்பவன் சூதாடி அல்ல. 1996ல் உச்ச நீதிமன்றம் லக்ஷ்மணன் வழக்கில், குதிரைப் பந்தயம் பிரதானமாகத் திறன் சார்ந்தது, சூதாட்டம் அல்ல என்று தீர்ப்பளித்தது. ரம்மி வழக்குகளும் இதே கோட்டில்தான் நடந்தன. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் ஆன்லைன் பண ஆட்டங்களில் திறன், அதிர்ஷ்டம் என்கிற பேதத்தையே விட்டுவிட்டது. சட்டம் விட்டுவிட்ட பேதத்தை நாம் யோசித்துப் பார்க்கலாம். திறன் என்பது சூதை மன்னிக்கிறதா?

டென்னிஸ் இதற்குத் தோதான உதாரணம். இரண்டே பேர், டிரா கிடையாது. பெரிய போட்டிகளில் ஆண்கள் ஐந்து செட்டுக்கு ஆடுவதால் வல்லவனுக்குத் தடுமாறி எழ நேரம் இருக்கிறது. பாரீஸின் களிமண்ணில் பந்து மெதுவாக வருகிறது, விம்பிள்டன் புல்லில் சறுக்கி வருகிறது. நடால் பாரீஸில் 14 முறை ஜெயித்தது தற்செயல் அல்ல. ஆக, இங்கே அறிவதற்கு விஷயம் இருக்கிறது. தரை எது என்று பார், ஆரம்பச் சுற்றுகளில் பெயர் பெற்றவனை நம்பு, கைமுதலில் சிறு பங்குக்கு மேல் வைக்காதே என்று பந்தயக்காரர்கள் வகுத்திருக்கும் உபாயங்களில் அறிவுக்கு விரோதமானது எதுவுமில்லை.

ஆனால் வங்கியில் வட்டிக் கணக்குப் போடும் எனக்கு வேறு ஒன்று முதலில் கண்ணில் படுகிறது. சமபலமுள்ள இருவருக்கு ஆளுக்கு 1.90 என்று விலை வைக்கிறான் புக்கி. இருபுறமும் நூறு நூறு ரூபாய் வந்தால், அவன் கொடுப்பது 190, அவனுக்கு நிற்பது 10. யார் ஜெயித்தாலும் இதுதான். நிச்சயம் ஜெயிப்பவன் என்று கருதப்படுபவனுக்கு 1.05. இருபது முறை நூறு வைத்து ஜெயித்துச் சேர்த்த நூறு ரூபாய் இருபத்தோராவது தோல்வியில் போய்விடும். 2005 முதல் பாரீஸில் தொடர்ந்து 31 ஆட்டங்கள் ஜெயித்த நடால் 2009ல் சோடர்லிங்கிடம் தோற்றார்.

இதையும் மீறி ஒருவன் ஜெயிக்கலாம். யாரிடமிருந்து? புக்கி தன் பங்கை முன்னதாகவே எடுத்துக்கொண்டுவிட்டான். மிஞ்சுவது தெரியாதவனின் பணம். தாயக்கட்டையின் முன் இருவரும் ஒரே அளவு குருடர்கள். அதில் ஒருவிதச் சமத்துவமாவது உண்டு. திறன் இந்தச் சமத்துவத்தை எடுத்துவிடுகிறது. சகுனி திறமைசாலி, தருமனுக்கு ஆட்டத்தில் ஆசை மட்டும் இருந்தது. அந்தச் சபையில் நம்மைக் கூசவைப்பது அதிர்ஷ்டம் அல்ல, இந்த ஏற்றத்தாழ்வு. திறன் சூதாடியை அசட்டுத்தனத்திலிருந்துதான் விடுவிக்கிறது.

இங்கே ஒரு ஆட்சேபம் வரும். ஒட்டன்சத்திரம் சந்தையின் விலையை நம்பி, வராத மழையை நம்பி, வெங்காயம் நடும் மானாவாரி விவசாயியும் பந்தயக்காரன்தானே? நகைக்கடனுக்கு என் கவுண்டரில் வந்து நிற்கிறவர்களில் அவரும் உண்டு. தெரியாததன் மேல் பணம் வைப்பது இருவருக்கும் பொது. ஆனால் விவசாயி தோற்றாலும் நிலத்தில் வெங்காயம் இருக்கிறது. யாரோ ஒருவர் தின்கிறார். அவருடைய நஷ்டம் இன்னொருவரின் லாபமாக வேண்டும் என்ற நியதியும் இல்லை. மழை வந்தால் பக்கத்துக் காட்டுக்கும் பெய்யும். பந்தயத்தில் பணம் கை மாறுகிறது, அவ்வளவே.

பணத்தைவிடப் பெரிய சேதம் பார்வையில் நேர்கிறது. 2007 ஆகஸ்டில் போலந்தின் ஸோபாட் நகரில் டேவிடென்கோ, தரவரிசையில் வெகு கீழே இருந்த அர்குவெல்யோவுடன் ஆடி, மூன்றாவது செட்டில் கால் வலி என்று விலகினார். முதல் செட்டை அவர் ஜெயித்த பிறகும் எதிராளியின் மேலேயே பணம் குவிந்ததால், பந்தய நிறுவனம் அத்தனை பந்தயங்களையும் ரத்து செய்தது. விசாரணை ஓராண்டுக்கு மேல் நடந்து, 2008ல் இருவர் மீதும் ஆதாரம் இல்லை என்று முடிந்தது. எனக்கு முக்கியமாகப் படுவது இது: ஒரு மனிதனின் வலிக்கும் கால், அவ்வளவு நாளும் வெறும் காலாக இருக்க முடியவில்லை. பணம் வைத்தவன் ஆட்டத்தைப் பார்ப்பதில்லை. தன் கணிப்பு சரியாவதைப் பார்க்கிறான். அழகான ஒரு பேக்ஹாண்ட் அவனுக்கு இடைஞ்சல், அடிப்பவன் எதிராளியானால்.

இது நமக்குத் தூரத்து விஷயம் அல்ல. எந்தக் கவிஞன் நிற்பான், எவன் போவான் என்று நம் விமர்சனத்தில் பாதி பந்தயமாகத்தான் நடக்கிறது. ஒருவன் மேல் பெயரைக் கட்டிவிட்ட விமர்சகன், பிறகு அவனுடைய மோசமான கவிதையைப் படிக்க முடியாதவன் ஆகிறான். மற்றவனுடைய நல்ல கவிதையையும்தான். நிறையப் படித்தவன் என்பது இதற்குப் பதில் ஆகாது. படிப்பு அவன் பந்தயத்தைக் கெட்டிப்படுத்தவும் கூடும். காலம் தீர்மானிக்கும் என்கிறோம். காலம் தீர்மானித்துக்கொள்ளட்டும். கையில் இருக்கும் கவிதையை, அதன் முடிவில் நமக்கு வரவேண்டியது எதுவுமில்லாதவர்களாகப் படிப்பது மட்டுமே நம் பொறுப்பு.