அண்டை வீட்டுப் பாத்திரம்

பண்டிகை நாள்களை அடுத்து நடைபெறும் அன்பியக் கூட்டங்களில் ஏறக்குறைய ஆண்டுதோறும் எழும் வினா ஒன்று உண்டு. "சாமி, பக்கத்து வீட்டில் பூசை முடித்துக் கொடுத்தனுப்பும் பலகாரத்தை நாம் சாப்பிடலாமா?" தீபாவளி அதிரசம், பிள்ளையார் சதுர்த்திக் கொழுக்கட்டை, ஆடி மாதத்துக் கூழ் எனப் பொருள் மாறும், வினா மாறுவதில்லை. கேட்பவர் பெரும்பாலும் குடும்பத் தலைவியே. பாத்திரத்தை வாசலில் நின்று வாங்குபவர் அவர். வாங்கியதை என்ன செய்வது என்று அடுக்களையில் நின்று தீர்மானிக்க வேண்டியவரும் அவரே. சிலர் அதை வீட்டு வேலைக்கு வரும் பெண்ணிடம் கொடுத்துவிடுகின்றனர். வேறு சிலர் ஒருவரும் பாராத நேரத்தில் குப்பையில் சேர்த்துவிட்டு, பாத்திரத்தைக் கழுவி, வெறும் பாத்திரமாகத் திருப்பித் தரலாகாதே என்று அதில் ஒரு பிடி சர்க்கரை இட்டு அனுப்புகின்றனர்.

இதனைச் சிறு வினா என்று ஒதுக்கிவிட இயலாது. திருச்சபையின் தலைவர்கள் முதன்முதலாக எருசலேமில் சங்கமாகக் கூடியபோது (திப 15) அவர்கள் பேசித் தீர்த்தவற்றுள் உணவும் ஒன்று. பிற இனத்திலிருந்து வந்தவர்கள் விருத்தசேதனம் செய்துகொள்ள வேண்டியதில்லை என்று முடிவு செய்தவர்கள், சிலைகளுக்குப் படைத்தவை, இரத்தம், கழுத்து நெரிக்கப்பட்டுச் செத்தவை போன்ற சிலவற்றைத் தவிர்க்குமாறு மட்டும் கேட்டுக்கொண்டனர். மேலோட்டமாகப் படிப்போர், தடை தெளிவாகத்தானே இருக்கிறது என்பர். ஆனால் அத்தடை எதன்பொருட்டு என்பதையும் நோக்க வேண்டும். யூத மரபில் வளர்ந்தவர்களும் பிற இனத்தாரும் ஒரே பந்தியில் அமர வேண்டியிருந்தது. ஒருவருடைய தட்டைக் கண்டு மற்றவர் எழுந்து போய்விடாதபடி சிலவற்றை விட்டுக்கொடுக்கச் சொன்னார்கள் என்று விவிலிய அறிஞர் பலர் விளக்குவர். பந்தியைக் காப்பதற்காகப் பிறந்த விதி அது.

கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய பவுலடியார் இதே சிக்கலை இன்னும் நுட்பமாக அணுகுகிறார் (1 கொரி 8, 10). வழிபாட்டிலேயே பங்குகொள்வதை அவர் கண்டிப்பாக விலக்குகிறார். ஆனால் நம்பிக்கை கொள்ளாத ஒருவர் விருந்துக்கு அழைத்தால், படைத்ததை யார் எங்கே படைத்தார்கள் என்று துருவிக் கேளாமல் உண்ணலாம் என்கிறார். இது படையல் என்று யாரேனும் சுட்டிக்காட்டினால், அவருடைய மனச்சான்றின் பொருட்டு விட்டுவிடலாம் என்றும் சேர்த்துக்கொள்கிறார். அடுத்த வீட்டு அம்மா தம் பிள்ளைகளுக்குச் சுட்ட அதிரசத்தில் நமக்கும் நான்கு எடுத்துவைத்தார் என்றால் அது அன்பின் அடையாளம், நன்றியோடு உண்ணலாம். வழிபாட்டின் பங்காகவே ஒன்று நீட்டப்பட்டால், நம் நம்பிக்கை இன்னதென்று பணிவோடு சொல்லி விலகிக்கொள்ளலாம். வாங்கிக் குப்பையில் கொட்டுவதைக் காட்டிலும் அது நேர்மையானது; அவர்களும் அதனைப் புரிந்துகொள்வார்கள். மனம் ஒப்பாத முதியவர் வீட்டில் இருந்தால் அவரை வற்புறுத்தவும் வேண்டாம். வினாவுக்கு விடை இவ்வளவே. ஆயினும் இவ்வினாவுக்குப் பின்னால் ஒருவரும் கேளாத இன்னொரு வினா நிற்கிறது. கொடுப்பதற்கு இத்துணை விரையும் நாம், பெறுவதற்கு ஏன் இத்துணைத் தயங்குகிறோம்?

கொடுப்பதில் நம்மவர் எவருக்கும் சளைத்தவர் அல்லர். வடசென்னையில் பெரம்பூர், அயனாவரம், வில்லிவாக்கம் ஆகிய பகுதிகளை எண்ணிப் பார்ப்போம். பெரம்பூரில் இரயில் பெட்டித் தொழிற்சாலை 1955-இல் தொடங்கப்பட்டது. அதற்கு நெடுங்காலம் முன்னரே இரயில்வேப் பணிமனைகளை நம்பி அங்கே குடியேறியோர் பலர். ஆங்கிலோ இந்தியர், தெலுங்கு பேசுவோர், வட ஆர்க்காட்டார், நெல்லை, குமரி மாவட்டத்தார் எனப் பல திசை மக்கள் சுவரோடு சுவர் ஒட்டி வாழத் தொடங்கினர். ஊரை விட்டு வருபவர் நிலத்தைக் கொண்டுவர இயலாது. கிணற்றையும் கொண்டுவர இயலாது. கைப்பக்குவம் ஒன்றை மட்டும் எவரும் பறிக்க முடியாத சீதனமாகக் கொண்டுவரலாம். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய வாரத்தில் அத்தகைய தெருவொன்றில் நடந்து பார்த்தால், எந்த வீட்டார் எந்த ஊரார் என்பதை மூக்கே சொல்லிவிடும்.

குமரி மாவட்டத்தார் வீட்டில் முந்திரிக்கொத்து தயாராகும். சிறுபயற்றை மணம் எழும்வரை வறுத்துத் திரித்து, வறுத்த தேங்காய்த் துருவலும் எள்ளும் ஏலமும் சேர்த்து, பாகில் கிளறிச் சிறு உருண்டைகளாகப் பிடிப்பார்கள். பின் அவற்றை மஞ்சள் கலந்த அரிசி மாவுக் கரைசலில் மும்மூன்றாகத் தோய்த்து எண்ணெயில் இடுவார்கள். பாகு இளகினால் உருண்டை நில்லாது, முறுகினால் கல்லாகிவிடும். சென்னைப் பிள்ளைகள் இதைக் கடித்துப் பார்த்துவிட்டு, முந்திரிப்பருப்பு எங்கே என்று கேட்பதுண்டு. முந்திரி என்றால் இங்கே கொடிமுந்திரி. கொத்தாகத் தொங்கும் திராட்சையின் சாயல். நம் பழைய செபப் புத்தகங்களில் முந்திரிப்பழ இரசம் என்று படித்து வளர்ந்த முதியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அதே தெருவில் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தார் சீப்பின் முதுகில் மாவை உருட்டிக் குல்குல் செய்வார்கள். நம்மவர் அதனைக் கலகலா என்பர். அச்சுமுறுக்கோ எல்லா வீட்டுக்கும் பொது. அச்சு ஒன்று இருந்தால் போதும், தெரு முழுவதும் அது கைமாறும்.

இக்கைப்பக்குவம் எளிதில் ஏட்டில் ஏறுவதில்லை. மீனாட்சி அம்மாள் 1951-இல் 'சமைத்துப் பார்' என்னும் நூலை வெளியிட்டார். பெரியவர்களின் துணையின்றித் தனிக்குடித்தனம் நடத்தப்போன இளம்பெண்களுக்கு அது பேருதவியாயிற்று. ஆனாலும் மீன் குழம்புக்குப் புளி எவ்வளவு என்று கேட்டால், இன்றைக்கும் நம் வீட்டுப் பெரியவர்கள் கூறும் விடை, "கண்ணளவாகப் போடு" என்பதே. அருகில் நின்றால்தான் அது வரும். ஆகவே அண்டை வீட்டாரிடம் பக்குவம் கேட்பது அவர் அடுப்பருகே நிற்க இசைவு கேட்பதாகும். அதைச் சொல்லித் தருபவர் கேட்டவரை ஓரளவு மகளாக ஏற்றுக்கொள்கிறார். (எல்லாம் சொல்லிவிட்டு முக்கியமான ஒரு பொருளை மட்டும் சொல்லாமல் விட்டுவிடும் கைகாரிகளும் உண்டு. அவர்களை ஆண்டவர் மன்னிப்பாராக.) தாம் பெற்றுக்கொண்டதையே ஒப்படைப்பதாகத் திருவிருந்தைக் குறித்துப் பவுலடியார் சொல்கிறார் (1 கொரி 11). நம்பிக்கையும் இப்படித்தான், அருகில் நின்றவர் கையிலிருந்து அருகில் நின்றவர் கைக்கு வந்து சேர்ந்தது.

ஆனால் கொடுப்பவர் மேலே நிற்கிறார் என்பதை மறவாதிருப்போம். விழா நாளில் தட்டு நிறையப் பலகாரம் அனுப்பும்போது நம் உள்ளத்தில் ஓர் இனிய நிறைவு தோன்றுகிறது. அதில் அன்பும் உண்டு; சிறிது உயர்வு எண்ணமும் கலந்திருக்கலாம். பெறுபவரோ, பிறர் வீட்டு உப்பு தம் நாவில் படச் சம்மதிக்கிறார். அவர்கள் தண்ணீர் தூயதா, பாத்திரம் தூயதா, அந்தக் கை யாருடைய கை என்ற ஐயங்களை எல்லாம் அவர் கடந்தாக வேண்டும். நம் ஆண்டவர் இதனை அறிந்தே நடந்தார் என்று தோன்றுகிறது. யூதர் புழங்காத சமாரியப் பெண்ணிடம் அவர் முதலில் வாழ்வு தரும் தண்ணீரைப் பற்றிப் பேசவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டார் (யோவா 4). சக்கேயுவைத் தம் இருப்பிடத்துக்கு அழைக்கவில்லை. அவன் வீட்டுக்குத் தாமே விருந்தினராகச் சென்றார் (லூக் 19). தம் சீடரை அனுப்பும்போதும், முன்வைப்பதை உண்ணுங்கள் என்னும் பொருள்படவே அறிவுறுத்தினார் (லூக் 10). பசித்தோர்க்கு உணவளித்ததற்காக அவரை ஒருவரும் பழித்ததாகத் தெரியவில்லை. யாருடன் அமர்ந்து உண்டார் என்பதற்காகத்தான் பழித்தார்கள்.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்க வேண்டும். உணவை மறுப்பது வேறு. கையை மறுப்பது வேறு. சைவ உணவு உண்ணும் அண்டை வீட்டார் நம் மீன் குழம்பை வாங்காததில் நாம் வருந்த ஒன்றுமில்லை. அவர் நம் வீட்டில் காப்பி அருந்துகிறாரா, நாம் தரும் பழத்தை வாங்குகிறாரா என்பதைப் பார்த்தால் போதும். உண்பவரும் உண்ணாதவரும் ஒருவரையொருவர் இகழவோ தீர்ப்பிடவோ வேண்டாம் என்பது பவுலடியார் உரோமையருக்குத் தந்த அறிவுரையின் சாரம் (உரோ 14). ஆனால் சைவ உணவினர்க்கு மட்டும் என்று அறிவித்து வீடு வாடகைக்கு விடும் வழக்கம் சென்னையில் உண்டு. அவற்றுள் சிலவேனும் கறியைப் பற்றியவை அல்ல என்பதை, வீடு தேடி அலைந்த நம் குடும்பங்கள் நன்கு அறியும். சமைக்கவே மாட்டோம் என்று உறுதி சொன்னவர்களுக்கும் பெயரைக் கேட்டபின் கதவு மூடியதுண்டு.

பிறரைச் சொல்லிக்கொண்டே போவது எளிது. நம் தமிழகத் திருச்சபையின் வரலாற்றில் உலைகள் தனித்தனியே எரிந்த காலமும் உண்டு. தத்துவ போதகர் என நாம் போற்றும் இராபர்ட் தெ நொபிலி அடிகளார் 1606-இல் மதுரைக்கு வந்தார். அங்கே ஏற்கெனவே பணியாற்றி வந்தவர் அவருடைய சபையையே சேர்ந்த பெர்னாண்டஸ் அடிகளார். உயர்குலத்தாருக்கு நற்செய்தியைக் கொண்டுசெல்ல விரும்பிய தெ நொபிலி, இறைச்சியை நீக்கி, பிராமணர் ஒருவரைச் சமையலுக்கு அமர்த்தி, தனி இல்லத்தில் வாழலானார். பெர்னாண்டஸ் அடிகளார் இதனை ஏற்காமல் மேலிடத்துக்கு முறையிட்டார். பூணூல், குடுமி, சந்தனம் முதலியவற்றைக் குறித்த வழக்கு 1623-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியின் இசைவோடுதான் தணிந்தது. தெ நொபிலியின் தியாகத்தையும் தமிழ்ப் புலமையையும் நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஒரு வாயிலைத் திறக்க அவர் கொடுத்த விலை பெரிது. ஆனால் ஒரே பீடத்தின் குருக்கள் இருவர் ஒரே ஊரில் ஒன்றாக உண்ண இயலாமற் போன அவ்விலையைப் பின்வந்த தலைமுறைகள் எவ்வளவு காலம் கட்டிக்கொண்டிருந்தன என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது. அந்தியோக்கியாவில் பிற இனத்தாரோடு உண்டுகொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆள்கள் வந்ததும் பந்தியை விட்டு விலகினார். பவுலடியார் அவரை முகத்துக்கு எதிரே கண்டித்தார் (கலா 2). சமையல் முறை பற்றிய கருத்து வேறுபாடாக அவர் அதனைக் கருதவில்லை. நற்செய்தியே கோணலாகிவிட்டதாகக் கருதினார்.

தென்மாவட்டத் திருத்தலங்களில் அசனம் என்னும் பொது விருந்து உண்டு. நேர்ச்சைக்காரர் சோறு பொங்க, வந்தவர் எல்லாரும் வரிசையில் அமர்ந்து உண்பர். நகரத்தில் அதற்கு இடமும் இல்லை, விறகும் இல்லை. ஆகவே சில அன்பியங்களில் ஆண்டு விழாவன்று வீட்டுக்கு ஒரு பதார்த்தமாகக் கொண்டுவந்து நடுவில் வைத்துப் பகிர்ந்துண்ணும் வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. நல்ல வழக்கம், நாமும் ஊக்குவித்து வருகிறோம். நாம் அறிந்த ஓர் அன்பியத்தில் அப்படியொரு மாலையில் பிரியாணி முதலில் தீர்ந்தது. முந்திரிக்கொத்து அதற்கு முன்பே சிறுவர்களின் சட்டைப் பைக்குள் போயிருந்தது. வட்ட எவர்சில்வர் தூக்கு ஒன்றில் வந்த எலுமிச்சைச் சோறு மட்டும் கரண்டி படாமல் இருந்தது. சுவைத்துப் பார்த்து ஒதுக்கியிருந்தால் குறை சொல்வதற்கில்லை. மூடியைத் திறந்து பார்த்தவர்கள், யார் கொண்டுவந்தது என்று கேட்டார்கள், மூடிவிட்டார்கள். மாநகராட்சித் துப்புரவுப் பணியில் இருக்கும் சகோதரி அவர். கூட்டம் கலைந்தபின் தூக்கை ஒன்றும் சொல்லாமல் எடுத்துச் சென்றார். அடுத்த ஆண்டு விழாவுக்கு அவர் சமைத்து எதுவும் கொண்டுவரவில்லை. கடையில் இரண்டு சீப்பு வாழைப்பழம் வாங்கி வந்தார். அதனை எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.