ஆடிக் கூழுக்குப் போகாதது தோஷமா?

கேள்வி: எங்கள் தெருத் தோழிகள் ஏழெட்டுப் பேர் வருடா வருடம் ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒருவர் வீட்டுக் கொல்லையில் கூடிக் கூழ் காய்ச்சி, அம்மனுக்குப் படைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் ஊற்றுவோம். 2020இல் ஊரடங்கால் நின்றுபோனது. 2021இல் மற்றவர்கள் கூடினார்கள். வீட்டில் வயதான மாமியார் இருந்ததால் நான் போகவில்லை. "அம்மன் காரியத்தைத் தட்டினால் சும்மா விடுவாளா?" என்று ஒரு தோழி இன்னும் சொல்லிக் காட்டுகிறார். பரிகாரம் செய்ய வேண்டுமா?

– ஒரு வாசகி, அம்பத்தூர்

பதில்: வேண்டாம். 2020 ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் ஞாயிறுதோறும் தளர்வில்லாத முழு ஊரடங்கு. கூழ் ஊற்றும் கிழமையே ஞாயிறுதான். அந்த ஆடியில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆகஸ்ட் 2ஆம் தேதி வந்த ஆடிப்பெருக்கும் ஞாயிறாகப் போயிற்று. திருவேற்காட்டுக் கருமாரியையே நேரில் பார்க்க முடியாத மாதம் அது. அதைப் பற்றி உங்கள் தோழிக்கும் வழக்கில்லை. அடுத்த வருடம் மற்றவர்கள் துணிந்தபோது நீங்கள் ஏன் துணியவில்லை என்பதுதான் அவர் குறை. ஆனால் அம்மன் வழிபாடு எப்போது இந்தத் துணிச்சலைக் கேட்டது? அம்மை வார்த்த வீட்டில் நம் பாட்டிமார் வாசலில் வேப்பிலைக் கொத்தைச் செருகினார்கள். அதைக் கண்ட அயலார் படியேறவில்லை. அந்த வீட்டாரும் பிறர் வீட்டு விசேஷத்துக்குப் போகவில்லை. அடுப்பில் தாளிப்பு வாசனைகூட எழாது. தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை இந்தக் கட்டு நீடிக்கும். பெரியம்மை 1975இல் இந்தியாவை விட்டுப் போனதற்குத் தடுப்பூசியும், நோய் கண்ட இடத்தைத் தேடித் தேடித் தனிப்படுத்தியதும்தான் காரணம்; அதை வேப்பிலையின் கணக்கில் எழுத நான் தயாரில்லை. என்றாலும், அப்படி விலகியிருந்தவளைப் பக்தி குறைந்தவள் என்று அன்று எவரும் சொன்னதில்லை. விலகியிருப்பதே அம்மனுக்குச் செய்யும் மரியாதையாக இருந்தது.

"அது நோய் கண்ட வீட்டுக்கான கட்டுப்பாடு, உங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றுமில்லையே" என்று தோழி கேட்கலாம். நியாயமான கேள்விதான். அம்மை முகத்தில் தெரியும், கொரோனா தெரியாது. 2020இல் கோயம்பேடு சந்தைக்குப் போன எத்தனையோ பேர் நல்ல உடம்போடு இருப்பதாக நினைத்துக்கொண்டுதான் ஊர் திரும்பினார்கள். தொற்று கடலூர், அரியலூர், விழுப்புரம் வரை போயிற்று. மே மாதம் சந்தையை மூடிக் காய்கறி மொத்த வியாபாரத்தைப் பூந்தமல்லிக்கு அருகே திருமழிசைக்குக் கொண்டுபோனதை உங்கள் பக்கத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். யார் வாசலில் வேப்பிலை செருகுவது என்று தெரியாதபோது, முதியவர் இருக்கும் வீட்டார் தாமாகவே செருகிக்கொள்வதுதான் முறை.

இன்னொரு வகை ஆறுதலும் உங்களுக்குக் கிடைத்திருக்கும். ஆவடியைத் தாண்டினால் திருநின்றவூர். அங்கே பூசலார் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டினார், பல்லவ மன்னன் காஞ்சியில் எழுப்பிய கற்றளியை விட்டு இறைவன் முதலில் அங்கே எழுந்தருளினார், ஆகவே நீங்களும் மனத்தால் கூழ் படைத்தால் போதும் என்பார்கள். இதை நான் பாதிதான் ஏற்பேன். படையல் மனத்தில் நடக்கலாம். ஆனால் தூக்குவாளியோடு வந்து நிற்கும் பிள்ளைக்கு மனத்தால் ஊற்ற முடியாது. அண்டாவைச் சுற்றி நின்று கருவாட்டுக் குழம்பில் உப்புப் போதவில்லை என்று சண்டை போடுவதையும் மனத்தால் செய்ய முடியாது. நீங்கள் இழந்தது மெய்யான ஒன்று. அம்மனிடம் உங்களுக்குக் கடன் இல்லை, அந்த மனிதர்களிடம் கொஞ்சம் பாக்கி இருக்கிறது, அவ்வளவே. நேர்ந்ததை உரிய வேளையில் செய்ய முடியாதபோது மஞ்சள் துணியில் காசு முடிந்து வைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. தவறியதைத் தள்ளிப்போட்டதாகவே நம் மரபு எடுத்துக்கொள்கிறது.

எனவே வரும் ஆடியில் உங்கள் பங்குக் கேழ்வரகையும் நொய்யையும் கூட்டிக் கொடுங்கள். முந்தின நாளே மாவைக் கரைத்துப் புளிக்க வைக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சொல்லிக் காட்டும் அந்தத் தோழியின் வீட்டிலேயே கரைத்தால் இன்னும் நல்லது.