வரவில் வராத பொழுது

பொழுதுபோக்கு என்ற சொல் எனக்குப் பிடிப்பதில்லை. பொழுது ஏதோ வாசலில் வந்து நிற்கும் வேண்டாத விருந்தாளி, அதை எப்படியாவது போக்கியாக வேண்டும் என்கிற தொனி அதில் இருக்கிறது. இன்று அந்தச் சொல்லுக்கு அந்த நேர்மைகூட மிஞ்சவில்லை. காஞ்சிபுரத்தில் பள்ளிக்கூடம் விட்டபின் பிள்ளைகள் எங்கே போகிறார்கள் என்று பார்த்தால் தெரியும். கீபோர்டுக்கு கிரேடு, சதுரங்கத்துக்கு ரேட்டிங், அபாகஸுக்கு லெவல், இந்திக்கு பிராத்மிக்கில் தொடங்கிப் பரீட்சைக்கு மேல் பரீட்சை, பரதநாட்டியத்துக்கு சலங்கை பூஜை, அதற்கு ஒரு மண்டபம், ஒரு போட்டோகிராபர். பொழுதுபோக்கு இரண்டாவது பள்ளிக்கூடமாகிவிட்டது. முதல் பள்ளிக்கூடத்திலாவது மணி அடித்தால் விட்டுவிடுகிறார்கள்.

என் அக்கா மகளுக்குப் பதினைந்து வயது. பள்ளி ஆண்டு மலருக்காகக் கடந்த ஒரு வருஷத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். நான் ஏதோ எழுதுகிறவன் என்ற வதந்தி வீட்டில் உலவுவதால், பார்த்துத் தரச் சொன்னாள். திருத்த ஒன்றுமில்லை. ஜூனில் பள்ளி திறந்தது, காலாண்டுத் தேர்வு, நவராத்திரியில் ஆடியது, மாவட்ட அளவில் செஸ், அரையாண்டு, மூன்று திருப்புதல் தேர்வுகள், இடையில் ஒரு ஓவியப் போட்டியில் ஆறுதல் பரிசு. வாக்கியங்கள் சுத்தமாக இருந்தன. படித்து முடித்ததும் எனக்கு மூச்சு வாங்கியது. 'ஒரு நாள் மத்தியானம் சும்மா இருந்தேன்னு எங்கயாவது இருக்கா?' என்று கேட்டேன். 'அதை எப்படி மாமா எழுதறது? அன்னிக்கு ஒண்ணும் நடக்கலையே' என்றாள்.

அந்த பதிலில் அசட்டுத்தனம் எதுவும் இல்லை. மிகக் கறாரான பதில் அது. திரும்பிப் பார்ப்பது என்றால் நடந்தவற்றைத் தொகுப்பது. நடக்காததைத் தொகுக்க முடியாது. என் கேள்வி அந்த இலக்கணத்தின் மீதுதான். ஒரு வயதுக்குரிய வாழ்வை இப்படி வரவுகளின் பட்டியலாக மட்டுமே நினைவுகூரப் பழக்குவது, அந்த வாழ்வுக்கே இழைக்கும் ஒரு அநீதி ஆகாதா?

நான் கணக்கு முடிக்கிற இடத்தில் வேலை பார்ப்பவன். மார்ச் 31 ராத்திரி வங்கிக் கிளையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு சஸ்பென்ஸ் கணக்கு என்றால் என்னவென்று தெரியும். எந்தத் தலைப்பின் கீழ் வைப்பது என்று புரியாத தொகையைத் தாற்காலிகமாகப் போட்டு வைக்கிற இடம். அதில் எதுவும் நீண்ட நாள் கிடக்கக்கூடாது. ஆய்வுக்கு வருகிறவர் முதலில் அதைத்தான் புரட்டுவார். பிள்ளைகளின் தலைப்பில்லாத பொழுதுகளைப் பார்க்கும்போது பெற்றோர்களுக்கு ஏற்படும் பதற்றம் இதே ஜாதியைச் சேர்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எந்தக் கணக்கிலும் ஏறாமல் கிடந்தால் உடனே அதை ஒரு வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தாக வேண்டும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பத்து வயது தாண்டிய சிறுவர்கள் தாங்களே சேமிப்புக் கணக்கு தொடங்கி நடத்தலாம் என்று 2014-ல் ரிசர்வ் வங்கி அனுமதித்தது. தன் பணத்துக்குக் கையெழுத்துப் போட நம்பப்படுகிற அந்தப் பிள்ளை, தன் சாயங்காலத்துக்குக் கையெழுத்துப் போட முடியாது.

பி.ஏ.யில் ஜான் ஸ்டூவர்ட் மில்லின் சுயசரிதையைப் புரட்டியவர்களுக்கு, இடைவெளியே இல்லாமல் நிரப்பப்பட்ட ஒரு பிள்ளைப் பிராயத்தின் உருவம் நினைவிருக்கும். மூன்று வயதில் கிரேக்கம், எட்டில் லத்தீன். விடுமுறை கிடையாது, உழைக்கிற பழக்கம் கெட்டுவிடும் என்று தகப்பனாருக்குப் பயம். மில் தந்தையை எங்கும் பழிக்கவில்லை, நன்றியோடுதான் எழுதுகிறார். ஆனால் 1826-ல், இருபது வயதில், தன் லட்சியங்கள் எல்லாம் இக்கணமே நிறைவேறிவிட்டால் நான் சந்தோஷமாக இருப்பேனா என்று தன்னையே கேட்டுக்கொண்டபோது, உள்ளிருந்து இல்லை என்ற பதில் வந்தது. பட்டியல் முழுவதும் சரியாக இருந்தது. பட்டியலைப் படித்துப் பார்த்து மகிழ வேண்டிய ஆள்தான் அங்கே இல்லை.

இந்த இடத்தில் நம்மவர்கள் உடனே ராமானுஜனைக் கொண்டுவருவார்கள். சிறு வயதில் சில காலம் இந்த ஊரிலும் படித்தவர். 1904-ல் கணிதப் பரிசோடு பள்ளியை முடித்து, கும்பகோணம் கல்லூரியில் கணிதம் தவிர வேறெதிலும் சிரத்தை காட்டாமல் உபகாரச் சம்பளத்தை இழந்தார். பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. தேறவில்லை. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவானார்; அந்த வகையில் எங்களவர். பாருங்கள், படிப்பைக் கெடுத்தது என்று நினைத்த பித்து கடைசியில் என்னவாயிற்று என்பார்கள். இந்த வாதத்தை நான் சந்தேகிக்கிறேன். தன்னிஷ்டமாகக் கழிந்த பொழுதை, பின்னால் அது ஈட்டிய வட்டியைக் காட்டி நியாயப்படுத்தினால் மறுபடியும் அதே லெட்ஜருக்குள்தான் விழுகிறோம். ராமானுஜன் ஆகாமல் போன ஆயிரம் பையன்கள் தரையில் சாக்கட்டியால் கிறுக்கிய மத்தியானங்களுக்கு என்ன மதிப்பு? மதிப்பு உண்டு என்று சொல்லத் தைரியம் இல்லையென்றால் ராமானுஜனை இழுக்காமல் இருப்பது நல்லது.

இதுவரை சொன்னதெல்லாம் ஃபீஸ் கட்ட முடிந்த வீடுகளைப் பற்றி. காஞ்சிபுரத்தில் உட்கார்ந்துகொண்டு பிள்ளைகளின் பொழுதைப் பற்றி எழுதுகிறவன் தறியைத் தாண்டிப் போக முடியாது. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறொரு நிறம் என்று பட்டுப்புடவையைக் கோர்வையில் நெய்ய மூன்று நாடா வேண்டும். ஒரு ஆளின் இரண்டு கைகள் போதாது. நெய்கிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பக்கத்துக் கரை நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆள் வெகுகாலம் ஒரு குழந்தையாக இருந்தது. கல்யாணப் புடவைகளில் நாம் விரலால் தடவிப் பார்த்து மெச்சுகிற அந்தக் கூட்டில், யாரோ ஒரு பிள்ளையின் சாயங்காலங்கள் பின்னப்பட்டிருக்கின்றன. முன்பணம் வாங்கிக்கொண்டு பிள்ளையை வேறொருவர் தறியில் உட்கார வைப்பதும் நடந்தது. இந்தியப் பட்டுத் தொழிலில் கடனுக்கு ஈடான குழந்தை உழைப்பைப் பற்றி ஹ்யூமன் ரைட்ஸ் வாட்ச் 2003-ல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருக்கிறது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் வந்தது 1976-ல்.

1986-ல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம் நெசவைத் தடை செய்த தொழில்களில் சேர்த்தது. கூடவே, குடும்பத்தினரைக் கொண்டு நடத்தும் பட்டறைக்கு விலக்கும் அளித்தது. 2016-ல் திருத்தம் வந்தது. பதினான்கு வயதுக்குக் கீழ் எந்த வேலையும் கூடாது. ஆனால் பள்ளி நேரத்துக்குப் பிறகோ விடுமுறையிலோ, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம். இந்த வாசகத்தை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். பள்ளி நேரத்துக்குப் பிறகு, விடுமுறையில். என் அக்கா மகளுக்கு நாட்டியமும் செஸ்ஸும் வைத்திருக்கும் அதே மணிநேரங்கள். அரசு பள்ளி நேரத்தை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் குடும்பத்துக்கு விட்டுக்கொடுத்திருக்கிறது. பேரத்தில் பிள்ளை ஒரு தரப்பாக எங்கும் வரவில்லை.

இரண்டும் ஒன்று என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒருவரின் பொழுது வீட்டுக்குப் பணம் கொண்டுவருகிறது, இன்னொருவரின் பொழுது வீட்டிலிருந்து பணத்தை வெளியே கொண்டுபோகிறது. ஒன்றில் தோள்பட்டை வலி, மற்றதில் அதிகபட்சம் சலிப்பு. இந்த வித்தியாசத்தை அழித்துவிட்டுச் செய்கிற தத்துவ விசாரம் அயோக்கியத்தனம். இன்னும் கடுமையான ஆட்சேபம் ஒன்றும் இருக்கிறது. வெறும் பொழுதுக்காக வக்காலத்து வாங்குவது, சாப்பாட்டுக் கவலை இல்லாத குமாஸ்தாவின் ரசனை அல்லவா? நெசவாளி வீட்டுப் பிள்ளைக்கு வேண்டியது படிப்பு, சும்மா இருக்கும் மத்தியானம் அல்ல என்று ஒரு நண்பர் என்னிடம் வாதாடினார். உடனே பதில் சொல்ல முடியவில்லை.

எங்கள் கிளைக்கு வரும் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் ஒருவர், ஐம்பதைத் தாண்டியவர். 1986 சட்டம் வந்தபோது பன்னிரண்டு வயது இருந்திருக்கும். அப்பாவுக்குக் கரை நாடா தள்ளியவர். வீட்டுத் தறி ஆகையால் சட்டம் அவரைத் தொடவில்லை. பாஸ்புக் பதிவுக்காகக் காத்திருந்த ஒரு நாள், அந்த வயதில் ஒரு வருஷம் எப்படிப் போகும் என்று கேட்டேன். புடவைகளைப் பற்றிச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன், ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. 'ஐப்பசி கார்த்திகைல மழை புடிச்சிதுன்னா தெருவுல பாவு போட முடியாது சார். குழியில தண்ணி ஊறிடும், தறி நின்னுடும். அப்பா தலைல கை வச்சினு ஒக்காந்திருப்பாரு. நாங்க வேகவதில தண்ணி வந்துச்சான்னு பாக்க ஓடுவோம்' என்றார். ஆற்றில் தண்ணீர் வந்ததா என்றேன். 'எப்பவாவது' என்று சிரித்தார். வீட்டில் அடுப்பு எரியாத நாட்கள் அவை என்பதையும் அவரேதான் சொன்னார். ஆனால் நாற்பது வருஷம் கழித்து அந்த வருஷங்களிலிருந்து மிஞ்சியிருந்தது அந்த ஓட்டம்தான். நண்பரின் வாதத்துக்கு இதை விடை என்று நான் முன்வைக்கவில்லை. வறுமை தந்த விடுமுறையை விடுமுறை என்று கொண்டாட முடியாது. ஆனாலும் அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் நடக்காத நாள் தேவைப்படவில்லை என்று இனி யாரும் என்னிடம் சொல்ல முடியாது.

தமிழில் சும்மா என்று ஒரு சொல் இருக்கிறது. தாயுமானவருக்கு அதுதான் அடைய வேண்டிய இடம். இந்த ஊர் வரதராஜர் கோயில் குளத்தில் அத்திவரதர் நாற்பது வருஷம் நீருக்கடியில் சும்மா கிடக்கிறார், 2019-ல் எழுந்து 48 நாள் காட்சி தந்தார், ஊர் தாங்காத கூட்டம், இனி 2059. அவரை யாரும் சோம்பேறி என்று சொல்வதில்லை. சித்தருக்கும் சாமிக்கும் அனுமதித்த ஒன்றைப் பதினைந்து வயதுக்கு மறுக்கிறோம்.

அந்த நெசவாளரின் பேத்தி அபாகஸ் வகுப்புக்குப் போகிறாள். அவர் பிள்ளை ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலைக்குப் போய்விட்டதால் வீட்டுத் தறியில் உட்கார இளம் ஆள் யாரும் இல்லை. ஃபீஸ் கட்டப் பணம் எடுக்க வந்த அன்று அவர் குரலில் ஒரு சலிப்பு: 'கிளாஸ் இல்லாத நாள்ல திண்ணைல ஒக்காந்துனு தெருவையே பாத்துனு இருக்கு சார். அதுக்கும் எதனா ஒரு கிளாஸ் பாத்து சேத்து வுடணும்.' பணத்தை எண்ணிக் கொடுத்தேன். வெளியே தூறல் விழுந்துகொண்டிருந்தது.