கொடுக்கும் மரத்துக்கு அடியா?

திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் ஒருமுறை வேலையாட்கள் மாமரத்தைக் கழியால் அடித்துக் காய் பறித்தார்கள்; இலைகளும் கொத்துக் கொத்தாக உதிர்ந்தன. சத்தம் கேட்ட பகவான் ரமணர் அவர்களைக் கடிந்துகொண்டார். பழம் தருகிற மரத்துக்கு அடிதான் கைம்மாறா என்பதே அவர் கேள்வி.

நம் கொல்லை மரத்துக்கும் அந்தப் பரிவு வேண்டும். வலை கட்டிய தொரட்டியால், சிறிது காம்போடு மாங்காயைப் பறியுங்கள். பால் வழிந்து தோல் கருகாது. உதிர்ந்த சருகைக் கொளுத்தாதீர்கள். அடிமரத்தைத் தொடாமல் சுற்றிலும் மூடாக்காகப் பரப்புங்கள். திருவண்ணாமலை வெயிலிலும் மண்ணில் ஈரம் நிற்கும், பின்பு சருகு மட்கி உரமாகும். தண்ணீரைக் காலையிலோ மாலையிலோ, கிளைகள் கவிந்திருக்கும் வட்டத்தின் ஓரமாக ஊற்றுங்கள். நீர் உறிஞ்சும் வேர்கள் அங்கேதான் மிகுதி.

மரம் கேட்காமலே கொடுக்கிறது. அதை நோகடிக்காமல் வாங்கிக்கொள்வதே நாம் செலுத்தும் நன்றி.