குலமும் குணமும்: பாம்பினத்தை முன்வைத்து ஒரு நோக்கு

குணம் பிறப்பால் அமைவதோ பழக்கத்தால் அமைவதோ என்னும் வினா மிகப் பழையது. நம்மிடையே வழங்கும் பழமொழிகளும் இவ்வினாவுக்கு ஒரே விடை தருவனவல்ல. ‘தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை’ என்பது பிறப்பின் பக்கம் நிற்கிறது. ‘தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும்’ என்பது பழக்கத்தின் பக்கம் நிற்கிறது. மானிப்பாயிலோ அயலூர்களிலோ ஒரு திருமணப் பேச்சு நிகழுமிடத்து, இரண்டும் ஒரே வாயிலிருந்து வரக் கேட்கலாம். பிறரைத் தாழ்த்தவேண்டிய இடத்தில் முன்னையது பயன்படும். தம் பிள்ளையின் வளர்ப்பை உயர்த்தவேண்டிய இடத்தில் பின்னையது பயன்படும்.

பிறப்பின் பக்கம் நிற்போர் இறுதிச் சான்றாகக் காட்டுவது பாம்பையே. பால் வார்த்து வளர்த்தாலும் அது நஞ்சையே கக்கும் என்பர். மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பிக்கலாம் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயிலிருந்து செயலிற் காட்டியவர் வைத்தியர் சாமுவேல் கிறீன். அவ்வூரின் பெயரோடு இணைந்த அம்மரபை நினைந்து, இவ்வுயிரியல் வினாவையும் சான்றுகளைக் கொண்டு தமிழில் ஆராய்வது தகும்.

முதற்கண் நஞ்சு வேறு, குணம் வேறு என்பதைத் தெளிதல் வேண்டும். நஞ்சு ஓர் இனத்துக்குப் பொதுவாய் அமைந்த உடற்பொருள். முத்திரைப் புடையன் எத்துணை அமைதியாகக் கிடப்பினும் அதன் நஞ்சு குறைவதில்லை. குணம் என்பதோ, அச்சம் நேர்ந்தவிடத்து ஓடுதல், ஒளிதல், எதிர்த்தல் முதலியவற்றுள் எதனை ஒரு தனிப் பாம்பு மேற்கொள்ளும் என்பது. இஃது ஒரே இனத்துள்ளும் பாம்புக்குப் பாம்பு வேறுபடும். கொடிய நஞ்சுடைய நாகத்தையே ‘நல்ல பாம்பு’ என்றழைத்து, நயினாதீவில் நாகபூஷணியை வழிபடும் நம் மரபும் இவ்விரண்டையும் ஒன்றாக்கவில்லை. பழமொழியோ ஒன்றாக்கிவிடுகிறது.

மேலைநாடுகளிற் செல்லப்பிராணிகளாகப் பாம்புகளைக் கூட்டிலிட்டு இனம்பெருக்குவோர், ‘இப்பாம்பின் வழி சாதுவானது, அதன் வழி சினமுள்ளது’ என்று கூறுவதுண்டு. இக்கூற்றை அப்படியே ஏற்றல் இயலாது. ஒரு தாயின் குட்டிகள் பெரும்பாலும் ஒருவரிடமே, ஒரே வகைப் பெட்டியில், ஒரே கைப்பழக்கத்தில் வளர்கின்றன. அவற்றுக்குப் பிறப்பும் பொது, சூழலும் பொது. இரண்டையும் பிரித்தறியாமல் எது காரணம் எனத் துணிதல் தவறு.

இங்கே பாம்பு ஆய்வாளனுக்கு ஒரு வாய்ப்பைத் தருகிறது. பெரும்பாலான பாம்புகள் பிறந்த குட்டிகளை வளர்ப்பதில்லை. ஆகவே தாய் கற்பித்தாள் என்ற பேச்சுக்கு இடமில்லை. வட அமெரிக்காவில் வாழும் கார்ட்டர்ப் பாம்பு குட்டியீனும் இனம். அதன் இளங்குட்டிகளை ஆராய்ந்து ஆர்னோல்ட், பெனெற் என்போர் 1984 இலும், எட்மண்ட் புறோடி 1989 இலும் முடிவுகளை வெளியிட்டனர். எதிரியைக் கண்டவிடத்து நடந்துகொள்ளும் முறையில் குட்டிகளிடையே காணப்படும் வேறுபாட்டிற் கணிசமான பகுதி பிறப்புவழி வருவது என்பது இவ்வாய்வுகளாற் புலனாயிற்று. ஆயினும் வெப்பநிலையும் பழக்கமும் அந்நடத்தையை மாற்றும் என்பதும் கண்டறியப்பட்டது. மீண்டும் மீண்டும் தீங்கின்றித் தூண்டப்பட்ட குட்டியின் எதிர்ப்புத் தணியலாம்.

முலையூட்டிகளிடத்தும் இதற்கு ஒத்த சான்றுண்டு. சோவியத் அறிஞர் திமித்திரி பெலியாயெவ் 1959 இல் நொவோசிபிர்ஸ்க்கில் ஓர் ஆய்வைத் தொடங்கினார். மனிதருக்கு அஞ்சாத நரிகளையே தலைமுறைதோறும் தெரிந்து இனம்பெருக்கியபோது, சில தலைமுறைகளுக்குள் வாலாட்டி மனிதரை நாடும் நரிகள் தோன்றின.

ஆகவே, குணத்துக்குப் பிறப்பில் ஒரு வேர் உண்டு என்பதை மறுத்தற்கில்லை. அவ்வாறாயின் குலத்தைக் கொண்டு குணத்தை அளப்போர் கூறுவது சரியாகாதோ என வினவலாம். ஆகாது. பிறப்புரிமையியல் இங்குக் காட்டுவது தனி உயிர்களிடையேயான வேறுபாட்டை. ஒரே வயிற்றிற் பிறந்த குட்டிகளுள் ஒன்று ஓடுகிறது. மற்றொன்று திரும்பித் தாக்குகிறது. பெற்றோரிடமிருந்து பரம்பரையலகுகள் ஒவ்வொரு பிள்ளைக்கும் வெவ்வேறு வகையிற் பகிரப்படுவதே இதற்கு ஒரு காரணம். தாயை அறிந்தவன் குட்டியை அறிந்தவனாகான். ஒரு வயிற்றுக்குள்ளேயே இத்துணை வேறுபாடு இருக்க, பல்லாயிரம் பேரைக் கொண்ட ஒரு குலத்துக்கு ஒரே குணத்தைக் கற்பிப்பது எவ்வாறு பொருந்தும்?

இன்னொன்றும் ஈண்டு நோக்கத்தக்கது. ஒரே மிளகாய்ச் செடியின் விதைகளுட் பாதியை வலிகாமத்துச் செம்மண்ணிலும் பாதியை உவர்நிலத்திலும் இடுவோம். ஒவ்வொரு நிலத்துக்குள்ளும் செடிகளிடையே காணும் வேறுபாட்டிற்கு விதையும் காரணமாகலாம். இரு நிலங்களுக்குமிடையே காணும் வேறுபாட்டிற்கு மண்ணே காரணம். ஒரு கூட்டத்துள் வேறுபாடு பிறப்பால் வருகிறது என்பதனால், இரு கூட்டங்களிடையேயான வேறுபாடும் பிறப்பால் வந்தது என்றாகாது. கிணறும் பள்ளியும் கோயிலும் ஒரு சாராருக்கு மறுக்கப்பட்ட மண்ணில் விளைந்ததை விதையின் குற்றமெனல் அறமன்று. அம்மறுப்பைக் குற்றமாக்கிய சட்டம் 1957 இல் வந்தது. அதன் பின்னரும் 1968 இல் மாவிட்டபுரத்திற் கோயில் நுழைவுக்காகப் போராடவேண்டியிருந்தது. சட்டத்தால் வாயில் திறக்கலாம். பழமொழியில் மறைந்திருக்கும் தீர்ப்பை ஆராய்ச்சியே அகற்றவேண்டும்.

இனி, பிறப்புவழிக் குணத்துக்குப் பொறுப்பு யாருடையது? செல்லப்பிராணியாக மிகுதியும் வளர்க்கப்படுவது மேற்காபிரிக்காவுக்குரிய சிறு மலைப்பாம்பு. அச்சமுற்றதும் பந்துபோற் சுருள்வதால் ஆங்கிலத்தில் அதற்குப் ‘பந்து மலைப்பாம்பு’ என்று பெயர். அழகிய கோலம் கருதி இனம்பெருக்கப்பட்ட ‘சிலந்தி’ என்னும் அதன் நிறவகையிலே, தலை ஆட்டமும் நிலை தடுமாற்றமும் கோலத்தோடு சேர்ந்தே வழிவருகின்றன. தன் பிறப்பை அப்பாம்பு தெரிந்துகொள்ளவில்லை. அதனை ஆக்கியவனே தெரிந்தான். எனவே பழியும் கடமையும் அவனையே சாரும். பிறப்புவழி வருவது என்று அறியுந்தோறும் பிறந்தவன்மீதான பழி குறையவேண்டும். பிறப்பிப்போர், வளர்ப்போர் பொறுப்புக் கூடவேண்டும். நம் வழக்கிலோ இது தலைகீழாக நிற்கிறது.

மனிதனுக்குப் பாம்புக்கில்லாத ஒன்று உண்டு. தன் சினத்தைச் சினமென்று அறிந்து, அதனை அடக்கவும் நெறிப்படுத்தவும் அவன் முயலலாம். பிறவியில் வந்த வேகம் அவனுக்குத் தொடக்கமேயன்றி முடிவன்று. ஆதலின் ஒருவனது குணத்தை அறிய விரும்புவோர், அவன் யார் வீட்டுப் பிள்ளை என்பதை விடுத்து, அவனுக்குக் கிடைத்தவற்றைக் கொண்டு அவன் என் செய்தான் என்பதை வினவுதலே முறை. பாம்பைச் சான்றுக்கு அழைத்தோருக்கு, அப்பாம்பே தரும் விடை இதுவாகும்.