யானையின் பசியும் உழவனின் பசியும்

சைவ மக்கள் எக்கருமத்தையும் ஆனைமுகப் பெருமானை வணங்கியே தொடங்குவர். வயலில் விதைப்புக்கு இறங்கும் உழவனும் பிள்ளையாருக்குக் கற்பூரம் ஏற்றிய பின்னரே மண்ணில் கால் வைக்கிறான். அதே உழவன், கதிர் முற்றும் காலத்தில் காவற் பரணில் விழித்திருந்து, யானை வந்துவிடுமோ என்று அஞ்சியபடி இரவைக் கழிக்கிறான். காலையில் ஆலயத்தில் கண்டு வணங்கிய முகம் இரவில் வரம்போரத்தில் வந்து நின்றால், அவன் செய்யத்தக்க தர்மம் யாது? வன்னியிலும் படுவான்கரையிலும் வாழும் அடியார்களுக்கு இது ஏட்டு வினா அன்று, வாழ்க்கை வினாவாகும்.

கொல்லாமை பேரறம் என்று சொல்வது இலகு. யானை தாக்கிக் கணவனைப் பறிகொடுத்த ஒரு தாயின் முன்னால் நின்று அதனைச் சொல்வது இலகுவன்று. 2023ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 400இற்கும் மேற்பட்ட காட்டு யானைகள் இறந்தன. 150இற்கும் மேற்பட்ட மனிதர்கள் யானைகளால் மாண்டனர். இரு பக்கத்திலும் கண்ணீர் உண்டு. ஆகவே ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புக் கூறுவது அறமாகாது.

முதலில் யானையின் இயல்பை அறிதல் வேண்டும். வளர்ந்த யானை ஒன்றுக்கு நாளொன்றில் ஏறத்தாழ 150 கிலோ உணவு தேவை. தாய் யானை ஏறக்குறைய 22 மாதங்கள் கருச்சுமந்து பெரும்பாலும் ஒரே கன்றையே ஈனுகிறது. மூத்த பெண் யானை வழிநடத்த, தாய்களும் கன்றுகளும் கூட்டமாக வாழும். ஆண் யானை பருவமடைந்ததும் கூட்டத்தை விட்டுப் பிரிந்துவிடும். விளைந்த வயலுக்குத் துணிந்து வருவது பெரும்பாலும் இந்தத் தனியன்களே. அவற்றை அழைத்து வருவது பசியேயன்றிப் பகையன்று.

யானைகளையெல்லாம் சரணாலயத்துக்குள் விரட்டிவிட்டால் பிரச்சினை தீரும் என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 60 வீதத்தில் யானைகள் நடமாடுகின்றன. அப்பரப்பில் ஏறத்தாழ 70 வீதத்தில் மனிதரும் குடியிருக்கின்றனர். ஒரு காட்டில் உள்ள புல்லும் இலையும் இத்தனை யானைகளுக்குத்தான் போதும் என்று ஓர் அளவு உண்டு. அதற்கு மேலும் விரட்டி அடைத்தால் தாயும் கன்றும் பட்டினியால் மெலியும். தனியன்களோ திரும்பி வந்துவிடும்.

இனி உழவனின் உரிமையைப் பார்ப்போம். கடன்பட்டு விதைத்த பயிரைக் காப்பது அவன் கடமை. தீப்பந்தம் காட்டுவதும், கூவி விரட்டுவதும், யானைவெடி கொளுத்துவதும் பாவமல்ல, அவை காவல். ஆனால் காவல் வேறு, வஞ்சம் வேறு. பூசணிக்காயினுள் வெடிமருந்தை மறைத்து வைக்கும் 'ஹக்க பட்டாஸ்' என்னும் வாய்வெடி வஞ்சமாகும். அதனைக் கடித்த விலங்கின் தாடை சிதைகிறது. உண்ணவும் நீர் அருந்தவும் இயலாமல் அது பல நாட்கள் துடித்தே இறக்கிறது. ஒன்றும் அறியாத கன்றுகளும் இதற்குப் பலியாகின்றன. வீட்டு மின்சாரத்தை நேரடியாக வேலிக் கம்பியில் பாய்ச்சுவதும் அத்தகையதே. அது யானையை மட்டுமன்றி, இருட்டில் வரும் அயலவனையும் கொல்லும்.

திருவிழாக் காலத்தில் அன்னதானம் இட்டு, பசித்து வந்தவரின் ஊரையும் பெயரையும் கேளாமல் உணவளிப்பது சைவ மரபு. உணவு என்பது உயிர் காக்கும் பொருள் என்பதே அதன் கருத்து. அந்த உணவையே கொலைக் கருவியாக்கும்போது யானை மட்டும் சாகவில்லை. அன்னத்தின் மேல் உயிர்கள் வைத்த நம்பிக்கையும் சாகிறது.

அப்படியாயின் வழி என்ன? விதைப்புக் காலத்தில் வயற்பரப்பைச் சுற்றி மின்வேலி அமைத்து, அறுவடை முடிந்ததும் அதனைக் கழற்றிவிடும் முறை இலங்கையின் சில கிராமங்களில் பயன் தந்துள்ளது. முறையான மின்வேலியில் பாய்வது விட்டுவிட்டு வரும் மின் துடிப்பு. அது அதிர்ச்சி தருமேயன்றி உயிரைப் போக்காது. வேலி கழற்றப்பட்டபின் வயலில் எஞ்சிய தாளும் வைக்கோலும் யானைக்கு உணவாகும். ஆனால் கம்பியில் கொடி படர்ந்தால் மின்வலு குறையும். ஒருவன் தன் பங்குக் கம்பியைக் கவனியாது விட்டால் யானை அவ்வழியே நுழைந்து அனைவரின் வயலையும் அழிக்கும். ஆதலால் வேலியைக் காப்பது கம்பியன்று, ஊரின் ஒற்றுமையே.

இன்னொரு கடமையும் உண்டு. யானை நாட்டின் செல்வம் என்று அனைவரும் பெருமை கொள்கின்றனர். அப்பெருமைக்கான விலையைக் காட்டோரத்து ஏழை உழவன் ஒருவனே செலுத்துவது நீதியாகாது. பயிர் இழந்தவனுக்குரிய நட்டஈடு தாமதமின்றிக் கிடைக்க வழிசெய்தல் வேண்டும். விண்ணப்பம் எழுதத் தெரியாதவனுக்கு எழுதிக் கொடுப்பதும், உயிரிழந்தவர் வீட்டுப் பிள்ளைகளின் படிப்பைத் தாங்குவதும் தீபாராதனை காட்டுவதற்கு ஒப்பான தொண்டாகும்.

பிள்ளையாரை விக்கினம் தீர்ப்பவர் என்று வணங்குகின்றோம். வேலியை ஒன்றுகூடிக் காக்கும் ஊரில் உழவனின் விக்கினமும் தீரும்; யானையின் விக்கினமும் தீரும். அதற்கு ஆனைமுகப் பெருமானின் திருவருள் அனைவருக்கும் துணைநிற்பதாக.